அடி பிரிக்கச் சொன்னேன், சீர் பிரித்தது

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் மாணவர் வாசிப்பு மாலை. முதன்முறையாக மேடையில் என் கட்டுரையை வாசிக்கவிருந்தேன். அதை அப்பா கேட்க வேண்டும் என்பது ஒன்றே என் ஆசை. போர்ட் கிள்ளானிலிருந்து காரில் என்னை அழைத்துவந்த அவரோ, வழக்கம்போல் வாசலோடு நின்றுவிட்டார்.

"உள்ள வாங்கப்பா."

"படிச்சவங்க கூட்டத்துல லோரி ஓட்டுறவனுக்கு என்ன வேலை? நான் கார்லயே இருக்கேன். இல்லாட்டி இங்க நிறுத்துனதுக்கு அபராதம்னு சம்மன் போட்டுருவான்லா."

வருகையாளர்களுக்கான பெயரட்டைகள் என் பொறுப்பு. கோப்பில் வரிக்கு ஒரு பெயர். ஒவ்வொரு வரியாகப் படித்து அட்டையாக்கும்படி கணினியில் ஷெல் நிரலில் ஒரு சுழற்சி எழுதி, அச்சுக்கு அனுப்பியிருந்தேன். சோதனைக்குக் கொடுத்தவை எல்லாம் ஒற்றைச் சொல் புனைபெயர்கள். ஆகவே பிழை எதுவும் தென்படவில்லை.

மண்டபத்தில் அட்டை உறையைப் பிரித்த தோழி வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஏய், நான் ஒருத்திதானே வந்தேன்? மூணு பேரா ஆக்கிட்டியேடி!"

ஓர் அட்டையில் அவள் பெயர். இன்னொன்றில் அவள் தந்தையின் பெயர். இரண்டுக்கும் நடுவே, 'இன்னாரின் மகள்' என்பதற்கு நம் அடையாள அட்டையில் நிற்கும் அந்த 'ஏ/பி', தனக்கென ஓர் அட்டையோடு.

நான் எழுதிய 'ஃபார்' சுழற்சி வரி முடியும்வரை காத்திருக்கவில்லை. இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டியிருக்கிறது. 'வைல் ரீட்' என்று எழுதியிருந்தால் வரி முழுதாக வந்திருக்கும். யாப்பிலக்கணத் தேர்வில் அடிக்கும் சீருக்கும் உள்ள வேறுபாட்டைப் பிழையின்றி எழுதியவள் நான்.

தோழி 'ஏ/பி' அட்டையை மட்டும் குத்திக்கொண்டு, "யாரோட மகள்னு கேக்காதீங்க, சஸ்பென்ஸ்!" என்று வாசலில் வரவேற்பைத் தொடங்கிவிட்டாள்.

என் பங்கு மூன்று அட்டைகளைத் தேடி எடுத்தேன். மூன்றாவதில் அப்பாவின் பெயர், தனியாக, பெரிய எழுத்தில். அதை எடுத்துக்கொண்டு காருக்குப் போனேன்.

"இது யாரு போட்டது?"

"கம்ப்யூட்டர்."

பொய் இல்லை. அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பக்கக் கண்ணாடியில் பார்த்துச் சட்டையில் நேராகக் குத்திக்கொண்டார்.

"சம்மன் போட்டுருவானேப்பா?" என்றேன்.

"போட்டா போடட்டும்லா. பேரெல்லாம் போட்டு வச்சிருக்காங்க, போகலேன்னா மரியாதையா இருக்காது."

"வாங்க அங்கிள்!" என்றாள் 'ஏ/பி'. அவர் நேரே போய் முதல் வரிசையில் அமர்ந்தார்.

மேடையேறித் தாளைப் பிரித்தேன். எதிரே அந்த அட்டை. முதல் வரியை முழுதாக வாசிக்க இயலவில்லை. இடைவெளி கண்ட இடமெல்லாம் நின்று, சொல் சொல்லாகத்தான் வாசித்தேன்.