மழை நாளில் எடுத்த ரீடிங்

போலாரிமீட்டரின் குழலில் கண்ணை வைத்தால் முதலில் தெரிவது சோடியம் விளக்கின் மஞ்சள். வட்டம் இரண்டாகப் பிளந்து ஒரு பாதி இருண்டிருக்கும். திருகைத் திருப்பி இரண்டு பாதியையும் ஒரே மங்கலுக்குக் கொண்டுவந்தால், கரைசல் ஒளியை எத்தனை பாகை திருப்பியது என்பது தெரிந்துவிடும். விருதுநகர்க் கல்லூரியில் அந்தக் கருவியை என்னோடு பகிர்ந்துகொண்ட லேப் சோடி, பஜாரில் பருப்புக்கடை வைத்திருந்தவரின் மகன். அவனிடம் அதே கல்லூரியில் முன்பு படித்த மச்சானின் பழைய ரெக்கார்டு நோட்டு இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளே நான்தான். எனக்கு யார் நோட்டு கிடைக்கும்?

அன்று ஐப்பசி மழை. சீனிக் கரைசலில் அமிலத்தை ஊற்றிவிட்டுப் பத்து நிமிடத்துக்கொருமுறை பார்க்க வேண்டும். சீனி உடைய உடைய, வலப்பக்கம் திரும்பிய ஒளி குறைந்து, பூச்சியத்தைத் தாண்டி இடப்பக்கம் போகும். மச்சான் நோட்டில் இரண்டு மணி நேரத்தில் தாண்டியிருந்தது. எங்களுடையது வலத்திலேயே நின்றது. "ஏலே, எதுக்குக் கண்ணக் கெடுத்துக்கிடுதே? மச்சான் போட்டதப் போட்டுட்டு டீ குடிக்கப் போவோம்லே" என்றான். ஆளுக்கொரு பழைய நோட்டை வைத்து வகுப்பே அதைத்தான் செய்தது.

அவன் நோட்டில் கையெழுத்துப் போட்ட சார், என் பக்கத்தில் சிவப்பு மையால் சுழித்தார். திருத்தினால்தான் கையெழுத்து, இல்லையென்றால் மதிப்பெண் கிடையாது. முதல் வகுப்பு தவறினால் மேற்படிப்புக்கு மனுவே போட முடியாது. அம்மாவோடு பட்டாசுக் கம்பெனிக்குத்தான் போக வேண்டும். ஆனால் அம்மா பட்டாசுச் சரம் பின்னுகிறவர். மழை நாள் வேறு, வெயில் நாள் வேறு என்பது சரக்குக் காயப்போடும் எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். குளிரில் சீனி மெதுவாகத்தான் உடையும். கண்ணில் பட்டதைத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன்.

"ஊருக்கெல்லாம் ஒரு சீனி, உனக்கு மட்டும் தனிச் சீனியா?" என்றார் சார். வகுப்பு சிரித்தது.

என் சோடி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய், கையெழுத்து வாங்கிய தன் பக்கத்தைக் குறுக்கே அடித்தான். "இது எங்க மச்சான் சித்திரை வெயில்ல எடுத்தது சார். எனக்கும் இன்னைக்கு இவன் எழுதுன ரீடிங்தான்."

இருவருக்கும் மதிப்பெண் போயிற்று. எனக்கு முதல் வகுப்பும் போயிற்று. இரண்டு சீசன் பட்டாசு லோடு ஏற்றிய பிறகே ஒரு மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் நுழைந்தேன். இங்கே திருகு இல்லை, கருவியே எண்ணைக் காட்டிவிடுகிறது. ஆர்டர் அவசரத்தில் எண்ணைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லும் குரல் மட்டும் மாறவில்லை. அப்போதெல்லாம் மேசை இழுப்பறையிலிருந்து அந்த ரெக்கார்டை எடுத்து விரித்து வைப்பேன். கையெழுத்துக்கான கட்டம் காலியாகவே கிடக்கிறது. சாரே இன்று பேனாவோடு வந்து நின்றாலும் நோட்டை நீட்ட மாட்டேன்.