பின்னால் மாட்டிய பெரிய ஸ்ப்ராக்கெட்

இது இப்படித்தான் முடியும் என்று நான் முன்பே சொன்னேன்.

என் அக்கா மகன் தினேஷுக்கு இன்று கோத்தா திங்கியில் பெண் பார்க்கும் நாள். ராகு காலத்துக்கு முன் போய்ச் சேர வேண்டும். அவனுடைய சின்ன கப்சாய் மோட்டார் சைக்கிளுக்கு வேகம் பத்தாது.

"செயின் ஸ்ப்ராக்கெட்ட பெருசா மாத்துடா, பறக்கும்" என்றேன்.

நான் சொன்னது எஞ்சின் பக்கம் செயின் ஓடும் பல்சக்கரத்தை. அவனோ பின்சக்கரத்தில் பெரிதாக மாட்டிவிட்டான். அங்கே பெரிதானால் இழுவைதான் கூடும், வேகம் குறையும்.

"முன்னாடியா பின்னாடியான்னு நீங்க சொல்லவே இல்லையே, மாமா!"

"மாமா சொன்னா புரிஞ்சிக்கணும் லா!"

பின் சீட்டில் நான். எஞ்சின் அலறியது, மோட்டார் நகர்ந்தது. செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லோரி எங்களை முந்திப் போனது.

போய் இறங்கினால் ராகு காலம் பிறந்துவிட்டது. "முடியட்டும், அப்புறம் உள்ள வாங்க" என்றார் பெண்ணின் அப்பா. வேலிக்கு வெளியே நின்றோம்.

நாங்கள் பார்க்க வந்த பெண்ணே தண்ணீர் கொண்டுவந்து, "மோட்டாரு ஏன் அப்படிக் கத்துச்சி?" என்று சிரித்தாள். ராகு காலம் முடியும்வரை தினேஷ் அவளுக்கு ஸ்ப்ராக்கெட் விளக்கினான். சம்மதமாம்!

லோரி மட்டும் நான் சும்மா சேர்த்தது. முந்திப் போனது சைக்கிளில் ஒரு மக்சிக், மலாய்க்காரப் பெரியம்மா. ரோட்டில் பார்த்தவர்கள் இந்தப் பதிவின் கமெண்டில் வாயைத் திறக்க வேண்டாம்.