பதினாறு கணினிகளும் ஒரு மின்வெட்டும்

1991 ஜூன் 3: பழைய கணினிகள், பதினாறு – 48,000
1991 ஜூலை 19: இணைப்புக் கம்பி – 3,250
1991 நவம்பர் 8: பிளக், பிளக் பாயின்ட் – 410
1992 ஜனவரி 10: மேற்படி – 410
1992 பிப்ரவரி 21: மேற்படி – 455

ஆராய்ச்சி நிலையத்தில் நான் கணக்கு அதிகாரி. கணினிகள் வாங்கியதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. பிளக் வாங்கியதைப் பற்றித்தான் விளக்கம் கேட்டுக் குறிப்பு அனுப்பினேன். பதில் எழுதாமல், கருகிய பிளக் ஒன்றைக் கையில் பிடித்தபடி நேரிலேயே வந்து நின்றாள், பிற்பாடு என் மனைவியானவள்.

"நான்தான் சார் பிடுங்கறேன். அதான் என் வேலை."

"இதுக்குச் சம்பளம் வேறயா?"

"நீங்கதானே சார் மாசாமாசம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கறீங்க."

அழைத்துப்போய்க் காட்டினாள். நீளமான அறை, மூன்று மின்விசிறி, அடுப்படிபோல் வெக்கை. சூடான தூசியின் அந்த வாசனை இப்போதும் எங்கேனும் வந்தால் நின்றுவிடுகிறேன். அங்கே வேலை செய்தவர்கள் அவளும் அவளுடைய கல்லூரித் தோழியும்தான். தோழி பின்னாளில் பேராசிரியரானார். இனி அப்படியே குறிப்பிடுகிறேன். பெரிய கணினி வாங்க வசதியில்லை. அதனால் பழையவை பதினாறை ஒன்றாகப் பிணைத்து, மழையைக் கணிக்கும் கணக்கை அவற்றுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். நடுவில் ஒன்று படுத்துவிட்டால் அதன் பங்கை மற்றவை எடுத்துச் செய்ய வேண்டும். அதற்கான நிரலை எழுதியது பேராசிரியர். சொல்லாமல் கொள்ளாமல் ஏதாவதொரு கணினியைச் சாகடிப்பது என் மனைவி. பக்கத்து அறைக்காரர்கள் அவளுக்கு மின்வெட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு பிடுங்குகிறவள் அல்ல. சும்மா இருக்கும் கணினியைத் தொடவே மாட்டாள். ஒன்று தன் பங்கை அனுப்பிவிட்டது, மற்றது இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை என்கிற அந்த இமைப்பொழுதுக்காக, இணைப்புப் பெட்டியின் சிறு விளக்கையே பார்த்தபடி குந்தியிருப்பாள். அப்போது பிடுங்கினால் விடை தப்பாகிவிடும். பேராசிரியர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார். பிறகு திருத்திய நிரலோடு வந்து, இப்போது பிடுங்கு பார்க்கலாம் என்று சவால் விடுவார். இரண்டு வருடம் இதே சண்டை. கடைசியில் ஒருநாள் அடுத்தடுத்து ஐந்தைப் பிடுங்கியும் விடை சரியாக வந்தது. அன்று இருவரும் அந்த ஐந்தையும் மறுபடி செருகிவிட்டுத் தேநீர் குடித்ததை நான் பார்த்தேன். அதற்குள் எங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

மகள் பிறந்ததும் அவள் வேலையை விட்டாள். கட்டுரை அச்சில் வந்தபோது மேலே பேராசிரியரின் பெயர், கீழே நன்றி வரியில் இவள் பெயர். அன்றைய வழக்கம் அதுதான். யாரும் குறை சொல்லவில்லை, இவளும்தான்.

2018 கடைசியில், கணினித் துறைக்கான வாழ்நாள் சாதனை விருது பேராசிரியருக்கு என்று கடிதம் வந்தது. இரண்டு பேருக்கும் கொடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று அவர் எழுதிவிட்டார். விருது ஒருவருக்குத்தான், சோதனைக்கு உதவுவது ஆராய்ச்சியாகாது என்று இரண்டாவது கடிதம் வந்தது. என் மனைவி நேரே அவர் வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? பேசாம வாங்கிக்கடி. நான் என்ன பெருசா பண்ணிட்டேன், பிளக்கைப் பிடுங்கினேன்."

"நீ பிடுங்கலேன்னா, எழுதினது சரின்னே நெனச்சு முதல் மாசமே கடையை மூடியிருப்பேன்."

"அதுக்காக வீடு தேடி வர்றதை விடுவியா?"

"விடுவேன். எப்பப் பிடுங்கணும்னு உனக்குத்தானேடி தெரிஞ்சது? எனக்குத் தெரிஞ்சிருந்தா நானே பிடுங்கியிருக்க மாட்டேனா?"

திரும்பும்போது பேருந்தில் இவள் மெல்லக் கேட்டாள்: "ஏங்க, ரெண்டு பேர் பேரையும் போடுவாங்களா?"

அவளுக்கு அதில் ஆசையே இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இவள் கண்டுபிடித்த பிழை ஒவ்வொன்றையும், அதனால் நிரலில் எது மாறியது என்பதையும் விளக்கிப் பேராசிரியர் விருதுக் குழுவுக்கு மறுபடி எழுதினார். வாரங்கள் போயின. மாலையில் இவள் அவரிடம் தொலைபேசியில் பேசுவாள். முட்டிவலி, மருந்து, பேரக்குழந்தை என்று எல்லாம் பேசிவிட்டு, கேட்க வந்ததை மட்டும் கேட்காமல் வைத்துவிடுவாள்.

விருது இருவருக்கும் என்று தெரிவித்த கடைசிக் கடிதம், என் மனைவியின் பெயருக்கே, 2019 மார்ச் 14, வியாழக்கிழமை வந்தது.