கம்பி வீரனின் இடது கை

எஸ்தர் அக்கா போய்விட்டார். காலையில் அவரைப் பார்க்கத்தான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்... கே.ஜி.கண்டிகையிலிருந்து அவர் மருமகள் போன்.

உட்கார முடியவில்லை. இரண்டு தடவை காபி போட்டு இரண்டையும் ஆறவிட்டுவிட்டேன். அதான் இங்கே வந்து தட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்களில் பாதிப் பேருக்குக் 'கம்பி வீரன்' யாரென்றே தெரியாது. தந்திக் கம்பிக்குள் புகுந்து அரக்கோணத்தில் மறைந்து ரேணிகுண்டாவில் குதிப்பான். நாற்பதுகளில், யுத்த சமயத்தில், எங்கள் திருத்தணியில் பிறந்த படக்கதை சூப்பர் ஹீரோ.

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற சின்ன பிரஸ்தான் அவனை வெளியிட்டது. ஓனரை ஊரே நைனா என்றுதான் கூப்பிடும். படமெல்லாம் எஸ்தர் அக்கா. அப்போது அவருக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை.

மரக்கட்டையில் செதுக்கி, மை தடவி அச்சடிப்பார்கள். கட்டையில் எதைச் செதுக்கினாலும் காகிதத்தில் இடம் வலமாக மாறித்தான் விழும். எழுத்தைத் திருப்பிச் செதுக்க அக்காவுக்குத் தூக்கத்தில்கூட வரும். படத்தைத் திருப்ப மறந்துவிட்டார்...

முதல் இதழ் ஆடிக் கிருத்திகைக்கு வந்தது. அட்டையில் கம்பி வீரன் ஒரு கிழவிக்குத் திருநீறு கொடுக்கிறான். இடது கையால்.

மலைக்கு வந்த கூட்டம் சும்மா விடுமா? "இன்னாய்யா இது, பீச்சாங்கையால துன்னூறு குடுக்கறான்?" என்று பிரஸ் வாசலிலேயே சண்டை. காகிதமோ யுத்தக் கன்ட்ரோல், அளந்துதான் கொடுப்பார்கள். திரும்ப அடிக்க வழியில்லை.

நைனா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாராம். அக்கா அசரவில்லை. "வலது கை கம்பியில கருகிப்போச்சின்னு அடுத்த இதழ்ல போடுங்க நைனா. சக்தியெல்லாம் இந்தக் கைக்கு வந்துடுச்சின்னு எழுதிடலாம்."

அப்படியே எழுதினார்கள். பிய்த்துக்கொண்டு போனது. தெலுங்கிலும் அடித்துப் புத்தூர் வரை விற்றார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டையிலும் இடது கை இடது கையாகவே விழும்படி பார்த்துப் பார்த்துச் செதுக்கினாராம்.

நானும் இடது கைக்காரி. சாப்பாட்டில் அந்தக் கையை வைத்தால் அம்மா கரண்டியால் ஒன்று போடுவார். "கம்பி வீரனுக்கும் இந்தக் கைதான்" என்றேன் ஒருநாள். அதற்குத் தனியாக இன்னொன்று விழுந்தது.

அப்புறம் மதராஸ் கம்பெனி ஒன்று அவனை வாங்கியது. முதல் வேலையாக வலது கைக்காரனாக்கினார்கள். அக்காவைக் கழற்றிவிட்டு வேறு ஆளை வரையவைத்தார்கள். சில இதழோடு நின்றே போனது. எனக்கு இன்னும் ஆறவில்லை, போங்கள்.

ரிட்டையர் ஆன பிறகுதான் அக்காவைத் தேடிப் பிடித்தேன். நான் டீ டம்ளரை வாங்கிய கையைப் பார்த்தார். "ஆங்... நம்ம ஆளு" என்று சிரித்தார். அவ்வளவுதான், அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டேன்.

இப்போது ஒரு பதிப்பகம் கம்பி வீரனைத் தொகுத்துப் போடுகிறது. வலது கை வீரன். அக்கா பெயர் எங்கேயும் இல்லை. சண்டைக்குப் போனால், "முதல் இதழ் ஒரிஜினல் குடுங்க மேடம், ஸ்கேன் பண்ணி சேர்த்துடறோம்" என்கிறார்கள். அக்காவிடமே ஒரு பிரதி இல்லை!

அவருக்கு அந்தக் கவலையும் இல்லை. "பேரு கெடக்குது பாப்பா. கண்ண மூடறதுக்குள்ள அவன ஒரு தபா பார்த்துட்டா போதும்."

நாயாய் அலைந்தேன். நேற்று சாயங்காலம்தான் திருவாலங்காட்டில் ஒரு வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. பின் அட்டையில் பொடி எழுத்தில் 'படங்கள்: எஸ்தர்'. பார்த்ததும் அழுதுவிட்டேன். விடிந்ததும் கொண்டுபோய்க் காட்டலாம் என்று தூங்கக்கூட இல்லை...

இதழ் கிடைத்ததை மருமகளிடம் போனில் சொன்னேன். "அத்தையோட பெட்டியிலயே வெச்சி பொதச்சிடலாங்க. போன வாரம் பூரா அதையே கேட்டுகினு இருந்தாங்க" என்று அழுகிறாள்.

அந்தப் போனை வைத்தால் பதிப்பகத்திலிருந்து இன்னொன்று. "நாளைக்குள்ள ஒரிஜினலே வேணும் மேடம், போட்டோ எடுத்து அனுப்பினா செல்லாது. புக் பிரிண்டுக்குப் போகுது."

வேறு பிரதி கிடையாது. நான் தேடாத இடமில்லை.

நாலு மணிக்கு எடுக்கிறார்களாம். இதழைப் பாலிதீன் கவரில் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு... ஆட்டோ வந்துவிட்டது.

அக்கா, கொண்டு வரேன். நல்லா பார்த்துட்டு என்கிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க.