வீட்டோரத்து மரம்

அவிநாசியைத் தாண்டி ஒரு தென்னந்தோப்பில் நிற்கிறேன். இளநீரைப் பாட்டிலில் அடைக்கும் கம்பெனிக்குச் சுவை பார்த்துச் சொல்வது என் வேலை. டேப்லெட்டில் சுவைகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஸ்வீட், நட்டி, ஃப்ரெஷ் இடப்பக்கம். கம்பெனிக்கு ஆகாத பிட்டர், மெட்டாலிக், உப்புக்கரிப்புக்கான பிராக்கிஷ் வலப்பக்கம். கம்பெனி வாங்காவிட்டால் மரங்களை வெட்டி விற்றுவிடுவதாகத் தோட்டத்து அம்மா வந்ததுமே சொல்லிவிட்டார்.

முதல் காய் லேசாகக் கரிக்கிறது. என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிடுகிறது.

"அது தடத்தோரத்து மரமுங்க, தண்ணி பத்தலை. இருங்க கண்ணு, ஊட்டோரத்து மரத்துல வெட்டித் தாரேன். கோடை பூரா போர்த்தண்ணி ஊத்திப் புள்ளையாட்டம் பாத்துக்கிட்டதுங்க."

அதைக் குடிக்கிறேன். கடல்நீர் போல இருக்கிறது. விழுங்கிய பிறகும் நாக்கில் இரும்பு நிற்கிறது. வேலிக்கு அப்பால் சாயப்பட்டறையின் புகைபோக்கி தெரிகிறது.

"போர்த்தண்ணியத்தான் நீங்களும் குடிக்கிறீங்களாம்மா?"

"வேற ஏதுங்க? எங்களுக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியறதில்லீங்க."

வலப்பக்கத்தில் மெட்டாலிக், பிராக்கிஷ் இரண்டையும் தொடுகிறேன்.

"இங்கிலீசுல என்னங்க போட்டீங்க, அம்மணி?"

"கரிக்குதுன்னு போட்டிருக்கேன்மா. முதல் காயைவிட இது அதிகமாக் கரிக்குது."

அவர் அந்த மரத்தை அண்ணாந்து பார்க்கிறார்.

"அப்ப, இன்னுங் கொஞ்சம் தண்ணி உடோணுமுங்களா?"