கோழி எருவில் விளைந்த சிவப்புக் கீரை

மகளுக்கு ஒன்பதாம் மாத நிறை பார்த்தபோது கிளினிக் கொப்பியில் அவளுடைய கோடு ஏறவில்லை. எட்டாம் மாதப் புள்ளிக்கு நேர் பக்கத்திலேயே குடும்பநல மாது அடுத்த புள்ளியை வைத்தார். பயப்பட ஒன்றுமில்லை, மீன், முட்டை, கீரை மூன்றையும் மாறி மாறிக் கொடுங்கள் என்றார். கணவர் கடற்றொழில் செய்பவர் என்பதால் மீனுக்குக் குறைவில்லை. முட்டையும் கிடைக்கும். கீரைதான் சிக்கல். முருங்கையிலையை மகள் இரண்டு தடவை துப்பினாள். சந்தைக் கீரை எங்கே, என்ன மருந்து அடித்து வளர்ந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததைக் கொடுக்க மனம் வரவில்லை. வீட்டு வளவிலேயே கீரை போடுவதென்று முடிவெடுத்தேன்.

வளவு முழுதும் கடல் மணல். நான் பிறந்தது நறுவிலிக்குளத்தில். அங்கே மண் காலில் ஒட்டும். இங்கே ஊற்றிய தண்ணீர் வாளியைக் கீழே வைப்பதற்குள் இறங்கிவிடும். முதலில் தூவிய விதை நான்கு விரல் உயரம் வந்து, மஞ்சளாகிப் படுத்துவிட்டது. நானாட்டானில் ஓர் இறைச்சிக்கோழிப் பண்ணையிலிருந்து கணவர் இரண்டு உரப்பைகள் நிறையக் கோழி எருவை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். உமியும் இறகும் எச்சமும் கலந்து கிடந்தன. பையை அவிழ்த்ததும் மூக்கு எரிந்தது.

எனக்குத் தெரிந்த ஒரு விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டேன். பச்சை எருவைப் போட்டால் கன்று கருகும், கிருமியும் இருக்கும். நனைத்துக் குவித்து மூடிவைத்து, கிழமைக்கு ஒருமுறை பிரட்டி, சூடு ஆறிய பிறகு போடுங்கள் என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். அது குவியலைப் பொறுத்தது, கையை உள்ளே விட்டால் தெரியும் என்றார்.

என் கையை நான் நம்புவதில்லை. மகளின் நெற்றியைத் தொடும்போதெல்லாம் அது காய்ச்சல் என்கிறது. தெர்மோமீற்றரோ காய்ச்சல் இல்லை என்கிறது. ஆகவே தெர்மோமீற்றரைப் பொலித்தீன் பையில் சுற்றிக் குவியலுக்குள் வைத்தேன். எண்ணுக்குப் பதிலாக ஓர் ஆங்கில எழுத்து மட்டும் வந்தது. சூடு அதன் எல்லையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். கணவரின் அக்கா, என் மச்சாள், அதே வளவில் அடுத்த வீட்டில் இருக்கிறவர். கிணற்றடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

“பிள்ளையின்ர கமக்கட்டுக்குள்ளை வைக்கிறதை ஏன் கோழிப்பீக்குள்ளை வைக்கிறாய்? கோழிக்குக் காய்ச்சலோ?”

அந்தத் தெர்மோமீற்றரை எறிந்துவிட்டுப் புதிது வாங்கினோம். குவியலுக்கு ஓர் இரும்புக் கம்பியைக் குத்திவைத்தேன். காலையும் மாலையும் அதை இழுத்துத் தொட்டுப் பார்த்தேன். ஒருநாளில் இரண்டு முறை பார்க்கத் தேவையில்லை என்று தெரிந்தும் பார்த்தேன். இரண்டு மாதமாகும்போது கம்பி குளிர்ந்து வந்தது. எரிகிற மணம் போய் மண் மணத்தது. பிறகும் இரண்டு கிழமை பொறுத்தேன். இதற்குள் இன்னும் இரண்டு தடவை நிறை பார்த்தாயிற்று. கோடு ஏறியது, ஆனால் ஏறவேண்டிய அளவுக்கு இல்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போகிற காலத்தில் கீரை வந்துவிடும் என்று மச்சாள் என் கணவரிடம் சொன்னாராம்.

எருவை மணலோடு கொத்திக் கலந்து, ஊருக்குள் திரியும் கழுதைகள் நுழையாதபடி பழைய வலையால் சுற்றிக் கட்டி, சிவப்புக் கீரை விதையைத் தூவினேன். நான்காம் கிழமை அது முழங்கால் உயரம் நின்றது. இலை ஒவ்வொன்றும் என் கையளவு. இந்த வளவில் அப்படி ஒன்று வளர்ந்ததை யாரும் பார்த்ததில்லை. எனக்குச் சந்தேகம் அதனால்தான் கூடியது. கோழி எரு சூடு, அதில் வந்த கீரையும் சூடு, பிள்ளைக்கு வயிற்றாலை போகும் என்றார் மச்சாள். போதனாசிரியர் சொன்ன சூடு வேறு, மச்சாள் சொல்கிற சூடு வேறு. அது எனக்குத் தெரியும். ஆனால் சொல் ஒன்றாக இருந்தபடியால் மனதில் அவற்றை முழுதாகப் பிரிக்க முடியவில்லை. மூன்று நாள் நான் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு மகளுக்குக் கொடுப்பதென்று வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது மச்சாள் வந்தார். கீரை கொடுத்தாயா என்று கேட்டார். நான் சாப்பிட்டுச் சோதிக்கிறேன் என்று விளக்கினேன். அவர் மகளையும் என்னையும் பார்த்தார்.

“நீ மூண்டு நாளாய்ச் சாப்பிடுறாய். அவள் மூண்டு நாளாய் உன்னட்டைத்தானே குடிக்கிறாள்?”

அடுத்த நாள் மதியம் கீரையை ஐந்து தண்ணீரில் கழுவி, பருப்போடு நன்றாக அவித்து, சோற்றில் மசித்துக் கொடுத்தேன். நான்கு கரண்டி சாப்பிட்டாள். ஐந்தாவதுக்கும் வாயைத் திறந்தாள். முதல் நாளுக்கு அது போதும் என்று நிறுத்திவிட்டேன்.

விடிந்து பார்த்தால் அவளுடைய இடுப்புத் துணியில், மலத்தோடு சிவப்பு.

எரு ஆறவில்லை, கிருமி போகவில்லை, ஆறாவது தடவையும் கழுவியிருக்க வேண்டும் என்றெல்லாம் நினைத்தேன். நினைக்க வேண்டியதை நினைக்கவில்லை. துணியைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். கணவர் கடலுக்குப் போயிருந்தார். மச்சாள் மகளைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு எனக்கு முன்னால் நடந்தார். அவர் வழக்கம்போலப் பகிடி விடாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

குடும்பநல மாது பையைத் திறந்து பார்த்தார். காய்ச்சல் உண்டா, சத்தி எடுத்தாளா என்று கேட்டார். இரண்டும் இல்லை. மகள் அவருடைய பேனையைப் பிடிக்க எட்டிக்கொண்டிருந்தாள்.

“நேற்று என்ன குடுத்தனீங்கள்?”

“கீரை, மிஸ்.”

“என்ன கீரை?”

“சிவப்பு” என்று சொல்லி முடிக்க முன்னரே எனக்கு விளங்கிவிட்டது. மச்சாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. ஆனாலும் நான் நிறுத்தவில்லை. எரு, கம்பி, இரண்டரை மாதம், ஐந்து தண்ணீர் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். குடும்பநல மாது பொறுமையாகக் கேட்டார். நன்றாக உக்கிய எருதான், அவித்துத்தானே கொடுத்தீர்கள், இது கீரையின் சாயம் என்றார். வந்ததற்கு நிறையும் பார்ப்போம் என்று மகளைத் தராசில் வைத்தார். புள்ளி முன்னையதைவிட நன்றாக மேலே போனது. நான்கு கரண்டிக் கீரையால் அது வந்திருக்காது. கீரையை நிறுத்தவா என்று கேட்டேன்.

“நிப்பாட்டாதேங்கோ. அடுத்த முறை பச்சைக் கீரை போடுங்கோ. பிள்ளைக்காக இல்லை, உங்களுக்காக.”

அன்று மதியம் மறுபடியும் அந்தச் சிவப்புக் கீரையைத்தான் கொடுத்தேன். அடுத்த நாள் துணி சிவப்பாக இருந்தது. ஒருமுறை பார்த்தேன், இன்னொரு முறையும் பார்த்தேன், பிறகு தோய்க்கப் போட்டேன்.