மேலே போன பதினொரு கல்

பிசிக்ஸ் டியூஷன் வாத்தியார் வேலை என்பது, ஒரு கல்லை மேலே எறிந்துவிட்டு அது கீழே வருவதற்குள் பிள்ளை, அம்மா, அப்பா, முதலாளி என்று நாலு பேருக்குப் பதில் சொல்கிற வேலை. இருபத்தொரு வருஷமாகப் புறநகர் டோம்பிவிலியிலிருந்து ரயிலேறி மாட்டுங்காவுக்கு வந்து இதைச் செய்துகொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் முழுக் கணக்கையும் சரியாகப் போட்டு, விடைக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு விட்டுப்போனதற்காக மார்க்கைப் பறிகொடுத்தவர் யாராவது இதைப் படித்தால், நீங்களும் நம்ம கட்சிதான். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், எனக்கும் இடம் வேண்டும்.

எத்தனை ஜி?

மேலே எறிந்த கல்லைப் பூமி கீழே இழுக்கிறது. அந்த இழுப்புக்கு ஜி என்று பெயர், மதிப்பு ஏறக்குறையப் பத்து. மேல்திசையைப் பிளஸ் என்று வைத்துக்கொண்டால் ஜி மைனஸ் பத்து. கீழ்த்திசையைப் பிளஸ் என்று வைத்துக்கொண்டால் அதே ஜி பிளஸ் பத்து. இரண்டும் சரி. ஒரு வழியில் கணக்கைத் தொடங்கிவிட்டு நடுவில் மற்ற வழிக்குத் தாவினால்தான் ஆபத்து. விஷயம் இவ்வளவுதான், ஆனால் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு நாற்பது நிமிஷம் ஆகும். பெற்றோருக்குச் சொல்ல இதுவரை நேரம் போதியதில்லை.

மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த ஓர் அம்மா, பையனின் நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வாரநாட்களில் மாட்டுங்காவில் நான் எடுத்த வகுப்பில் ஜி மைனஸ். ஞாயிற்றுக்கிழமை எங்கள் செம்பூர் பிராஞ்சில் வெங்கடேசன் எடுத்த வகுப்பில் ஜி பிளஸ். ஒரே நோட்டு, எதிரெதிர் பக்கம். திசை நாம் வைப்பதுதான் என்று விளக்கினேன். உங்கள் வீட்டிலிருந்து வந்தால் மார்க்கெட் இடதுபக்கம், ஸ்டேஷனிலிருந்து வந்தால் வலதுபக்கம், அதற்காக மார்க்கெட் நகர்ந்தா போகிறது என்று கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு நோட்டை மூடினார்.

"எங்க நாள்ல ஒரே ஜி தான் ஸார் இருந்தது. அதை வச்சுண்டே நாங்கள்லாம் பாஸ் பண்ணலையா?"

பிராஞ்ச் சமாதானம்

வெங்கடேசன் நல்ல மனிதர். வகுப்பில் என்னைவிடக் குரல் கணீரென்று இருக்கும். ஆனால் கல் விஷயத்தில் மட்டும் பிடிவாதக்காரர். கல் விழுவதற்காகவே பிறந்தது, அது தன் வேலையைச் செய்யும்போது அதற்கு எதற்கு மைனஸ் என்பது அவர் கட்சி. கல்லை எறிகிறவன் மேலேதானே பார்க்கிறான், அவன் பார்க்கிற திசைதான் பிளஸ் என்பது என் கட்சி. டீ ஆறிப் போகிற அளவுக்கு இருவரும் இதை வாதாடியிருக்கிறோம். ஒரே பிள்ளைகள்தான் இரண்டு இடத்திலும் உட்காருகிறார்கள் என்பது அந்தச் சூட்டில் இருவருக்குமே ஞாபகம் வரவில்லை.

அந்த அம்மா வந்துபோன பிறகு முதலாளி விஸ்வநாதன் ஸார் இருவரையும் கூப்பிட்டார். பாலக்காட்டுக்காரர், சண்டை பிடிக்காது. யாராவது ஒருவர் மாற்றிக்கொள்ளச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மாறப்போவது வெங்கடேசன் என்றும் நம்பினேன். ஸார் இரண்டு பிராஞ்ச் டைம்டேபிளையும் எடுத்துப் பார்த்தார். பிறகு மாட்டுங்கா பிராஞ்சில் மேலே பிளஸ், செம்பூர் பிராஞ்சில் கீழே பிளஸ் என்று தீர்ப்புச் சொல்லி, அதை டைப் அடித்து இரண்டு இடத்திலும் ஒட்டச் சொன்னார். நடுவில் எங்காவது பிராஞ்ச் வந்தால் என்ன செய்வது என்று வெங்கடேசன் கேட்டார்.

"சயான்ல ஒண்ணு தொறந்தா அப்போ பாத்துக்கலாம். இப்போ ரெண்டு பேரும் சந்தோஷமா இருங்கோ."

கல்யாண் வழியாக மாட்டுங்கா

டோம்பிவிலியில் காலை வேளையில் ரயில் ஏறலாம், உட்கார முடியாது. அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம். எதிர்த்திசை ரயிலைப் பிடித்துக் கல்யாண் வரை பின்னோக்கிப் போவோம். அதே ரயில் அங்கிருந்து திரும்பும், நாம் பிடித்த இடத்தை விடாமல் உட்கார்ந்து வரலாம். பாஸையே கல்யாண் வரைக்கும் சேர்த்துத்தான் எடுத்து வைத்திருக்கிறோம். பின்னால் போனால்தான் முன்னேற முடியும் என்பது எங்களுக்குத் தத்துவம் இல்லை, டைம்டேபிள்.

இடப்பெயர்ச்சி பாடம் எடுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்கு அகப்பட்டதில்லை. டோம்பிவிலி சைபர், மாட்டுங்கா பக்கம் பிளஸ், கல்யாணில் நான் எங்கே என்று பி பேட்ச்சைக் கேட்டேன். மைனஸில் என்றார்கள். திரும்பி டோம்பிவிலியைத் தாண்டும்போது? சைபர் என்றார்கள். பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "அப்ப ஃபோகட்லயா சார், சும்மாவா அவ்ளோ தூரம் போனீங்க?" என்றான். வகுப்பே சிரித்தது.

ஜமீலா மட்டும் சிரிக்கவில்லை. தாராவிப் பெண், பதினேழு வயது. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், அப்பா காதர் பாய் தோல் பை செய்கிற பட்டறை வைத்திருக்கிறார். எஞ்சினியரிங் நுழைவுத் தேர்வு எழுதுவது என்று தானாகவே முடிவு செய்து எங்களிடம் வந்தவள். அதற்கான தனிப் பயிற்சி ஏ பேட்ச்சுக்கு மட்டும்தான் உண்டு. பி பேட்ச்சிலிருந்து அங்கே ஏற மாதத் தேர்வில் நல்ல மார்க் வாங்க வேண்டும். அந்த மாதத் தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அவள் பின்பெஞ்சைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"டோம்பிவிலில ஏறுதவங்களும் சைபரு, சாரும் சைபரு. ஆனா சாரு உக்காந்துல்லா இருக்காங்க."

காதர் பாயின் அட்டை

மாதத் தேர்வில் பதினைந்து கேள்வி. சரியான விடைக்கு நாலு மார்க், தப்பான விடைக்கு ஒரு மார்க் பிடித்தம், எழுதாமல் விட்டால் சைபர். நுழைவுத் தேர்வின் அதே வழக்கம். இதற்கு மேல் எங்கள் நிறுவனத்துக்கென்று ஒரு சொந்த விதியும் உண்டு. மொத்த மார்க் சைபருக்குக் கீழே போனால், பிள்ளை ஒன்பதாம் வகுப்புப் பொடிசுகளோடு அடிப்படை பேட்ச்சில் உட்கார வேண்டும். அங்கே போனால் அந்த வருஷம் நுழைவுத் தேர்வை மறந்துவிடலாம். ஜமீலா இரண்டு சரி, பதினொன்று தப்பு, இரண்டு காலி. மைனஸ் மூன்று.

மறுநாள் காலையில் காதர் பாய் வந்துவிட்டார். சட்டையில் பசை வாசனை. நான் ஆறுதல் வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். அவர் உட்காரக்கூட இல்லை. "சார், நோட்டீஸ் போர்டுல பாத்தேன். ஒரு பய பரீட்சைக்கே வரல, அவனுக்கு சைபரு. எம் மவ வந்து ஒரு மணி நேரம் எழுதிருக்கா, அவளுக்கு மைனஸ் மூணு. வீட்டுல படுத்துக் கெடந்திருந்தா அவதான மேல?" என்றார். பிடித்தம் எதற்கு என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். "வெளங்கிட்டு சார். வெட்டுத ஆளு லீவு போட்டா தோலு அப்படியே கெடக்கும். வந்து கோணலா வெட்டுனாம்னா தோலும் போச்சு. மைனஸ்தான்."

இருபத்தொரு வருஷத்தில் நான் யாருக்கும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தேன். அவர் வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார்.

"கோணலா வெட்டுனவன நான் ஏச மாட்டேன் சார். தோலு மேல வச்சு வெட்டுததுக்கு அவங்கிட்ட அளவு அட்ட குடுத்தது யாருன்னுதான் மொதல்ல பாப்பேன்."

மேலே போனவை

அன்று சாயங்காலம் ரயிலில் நின்றுகொண்டே ஜமீலாவின் கேள்வித்தாளை எடுத்தேன். ஓரமெல்லாம் பென்சிலில் கணக்குப் போட்டிருந்தாள். சரியாக வந்த இரண்டும் ரயில் கணக்கு. ரயில் மேலேயும் போகாது, கீழேயும் போகாது. தப்பான பதினொன்றும் மேலே எறிந்த கல். பதினொன்றிலும் ஒரே தப்பு. கல்லின் வேகத்துக்கு என் வகுப்பில் சொன்னபடி மேலே பிளஸ். ஜிக்கு வெங்கடேசன் வகுப்பில் சொன்னபடி கீழே பிளஸ். கூட்டல், பெருக்கல் எதிலும் பிசகில்லை. பாதி என்னுடையது, பாதி அவருடையது, நடுவில் நின்றவள் அவள். இரண்டையும் இப்படிச் சேர்த்தால் பூமி கல்லைக் கீழே இழுக்காது, மேலே தள்ளும். அவள் எறிந்த பதினொரு கல்லும் ஒன்றுகூடக் கீழே வராமல் வேகம் கூடிக்கூடி மேலே போய்க்கொண்டிருந்தன. முலுண்டு தாண்டுவதற்குள் பதினொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன். அட்டை கொடுத்தது யார் என்று தெரிந்துவிட்டது.

மறுநாள் வெங்கடேசனைக் கூட்டிக்கொண்டு ஸார் அறைக்குப் போனேன். எங்கள் வேலை வருஷா வருஷம் புதுப்பிக்கிற வகை, அந்த மாதம்தான் புதுப்பிக்க வேண்டும். கேள்வித்தாளை மேஜைமேல் வைத்து, இது இப்படி, அது அப்படி என்று நடந்ததைச் சொன்னேன். தப்பு எங்களுடையது என்கிற ஒரு வாக்கியத்தை மட்டும் கடைசியில் சொல்ல வைத்திருந்தேன். ஸார் என் கையில் இருந்த நோட்டைப் பார்த்தார், மேலே பிளஸ், சரி. பிறகு வெங்கடேசனின் நோட்டைப் பார்த்தார், கீழே பிளஸ், அதுவும் சரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெங்கடேசன் மின்விசிறியைப் பார்த்தார். நான் வெங்கடேசனைப் பார்த்தேன்.

"உங்க ரெண்டு பேர் மேலயும் தப்பில்லே. அப்போ தப்பு அந்தக் குழந்தையோடதுதான்."

நான் விட்ட கேள்வி

அதற்கு நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. வேலையைப் புதுப்பிக்கிற மாதம் என்பதுதான் ஞாபகம் வந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, இப்போது எழுதும்போதும். என்னால் கேட்க முடிந்ததெல்லாம் அவளுக்கு இன்னொரு வாய்ப்பு. வெள்ளிக்கிழமை மறுதேர்வு வைக்க ஸார் சம்மதித்தார். அதிலும் மைனஸ் வந்தால் அவள் ஒன்பதாம் வகுப்புக்கு, அவளோடு நானும் அங்கேயே பாடம் எடுக்கப் போகலாம் என்றார்.

ஜமீலாவைத் தனியாக உட்காரவைத்து ஒரே ஒரு விஷயம் சொன்னேன். கணக்கைத் தொடும் முன் ஓரத்தில் ஓர் அம்பு போடு, அதன் தலையில் பிளஸ் என்று எழுது. என் திசையோ, வெங்கடேசன் சார் திசையோ, உன் இஷ்டம். போட்டபின் அந்தக் கணக்கு முடிகிறவரை அம்புதான் வாத்தியார், நாங்கள் இல்லை. போன தேர்வில் என்ன நடந்தது என்று நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. "சாய்வாப் போடலாமா சார்?" என்று மட்டும் கேட்டாள். போடலாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை பதிமூன்று சரி, இரண்டு காலி, தப்பு ஒன்றுகூட இல்லை. அறுபதுக்கு ஐம்பத்திரண்டு. ஓரத்தில் வரிசையாக அம்புகள், சில மேலே, சில கீழே, ஒன்று சாய்வாக. எல்லாக் கல்லும் ஒழுங்காகத் தரைக்கு வந்திருந்தன. விஸ்வநாதன் ஸார் அந்த வாரமே வாசலில் ஜமீலாவின் படத்தோடு ஃப்ளெக்ஸ் போர்டு வைத்தார். 'இரு பிராஞ்ச், ஒரே பயிற்சி முறை' என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் ஏ பேட்ச்சுக்குப் போனாள். ஏ பேட்ச் செம்பூரில், வெங்கடேசனிடம். எனக்குக் கிடைத்த நல்ல மாணவியை நானே அம்பு போட்டு அனுப்பிவைத்தேன்.

போகிற அன்று விடைபெற வந்தாள். இனிமேலும் மென்று விழுங்க முடியாமல் சொல்லிவிட்டேன். அந்தப் பதினொரு தப்பும் உன்னுடையது இல்லை, எங்கள் இருவருடையது, முதலாளி உன் தலையில் போட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை என்றேன். கோபப்படுவாள், அல்லது அழுவாள் என்று நினைத்தேன். அவள் பையின் வாரைச் சரிசெய்துகொண்டு, எனக்குத்தான் ஆறுதல் தேவை என்பதுபோல மெதுவாகப் பேசினாள்.

"அம்பு போடச் சொன்ன அன்னைக்கே தெரியும் சார். நீங்க தப்பா ஒண்ணும் சொல்லல, சொல்லாமத்தான இருந்தீங்க? எழுதாம விட்டா சைபருதான், மைனஸ் கெடையாதுல்லா."

இருபத்தொரு வருஷமாகப் பிளஸும் மைனஸும் போதித்தவனுக்கு ஒரு பதினேழு வயதுப் பெண் போட்ட மார்க் சைபர், அதுவும் கருணை மார்க்.